போனவனும் போகவிட்டவர்களும்

(பள்ளியின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவுக்குப் பேச வருகிறவர் கல்வியின் பெருமையைப் பேசுவார் என்பது உங்களுக்குத் தெரியும். பின்வரிசையில் கைகட்டி நிற்கும் இளைஞர்கள் இப்போதே வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். தம்பிகளே, கொஞ்சம் நில்லுங்கள். நான் பந்தைப் பற்றிப் பேசப் போகிறேன். சுற்றிவிட்டுக் கடைசியில் பள்ளிக்கூடத்துக்குத்தான் வருவேன். ஆனால் போகிற வழி திடல் வழி.

நம் வட்டாரத்துக்காரர்களுக்குக் காற்பந்து வெறும் பொழுதுபோக்கு அல்ல. மெர்டேக்கா அரங்கத்தில் ஆறுமுகம் கோல் காத்த நாட்களையும், மொக்தார் டஹாரி பந்தோடு ஓடிய நாட்களையும் இங்கே இருக்கும் தாத்தாமார்களிடம் கேட்டுப் பாருங்கள். சோறு ஆறிப் போகும், பேச்சு ஆறாது. 1986இல் மலேசியக் கிண்ணம் சிலாங்கூருக்கு வந்தது. அதற்கடுத்த 1987, 1988, 1989 மூன்று ஆண்டும் கோலாலம்பூர் தட்டிக்கொண்டு போனது. கிள்ளானில் இருக்கும் மாமனும் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் மருமகனும் அந்த மூன்று வருஷமும் கல்யாண வீட்டில்கூட முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். வேடிக்கைதான், ஆனால் பாதி உண்மை!

முன்பெல்லாம் ஆட்டக்காரன் தன் மாநிலத்துக்கே பெரும்பாலும் ஆடினான். 1989இல் அரைத் தொழில்முறை லீக் வந்தது. 1994இல் முழுத் தொழில்முறை ஆனது. சம்பளம் வந்தது, ஒப்பந்தம் வந்தது, ஆட்டக்காரன் ஊர் மாறுவதும் வந்தது. 2013இல் சிலாங்கூரில் ஆடிக்கொண்டிருந்த சபிக் ரஹிம் ஜொகூருக்குப் போனார். அவர் பொறுமையான மனிதர், பிறகு அங்கே தலைவராகவும் ஆனார். அப்படிப்பட்டவர் போனாலே ரசிகர்களுக்கு மனம் தாங்குவதில்லை. போகிறவன் அபாரத் திறமைக்காரன், கூடவே முன்கோபியும் என்றால் கேட்க வேண்டுமா?

அப்போது நாம் இரண்டு பேச்சுப் பேசுவோம். முதல் பேச்சு: "நன்றி கெட்டவன். நம்ம சோத்தைத் தின்னுட்டு எதிராளி பக்கம் போயிட்டான்." இரண்டாவது பேச்சு, ஒரு வாரம் கழித்து: "போனா போறான். அவன் இருந்தாலே தலைவலி." கவனித்துப் பாருங்கள். இரண்டு பேச்சிலும் குற்றம் முழுக்க அவன் தலையில் இருக்கிறது. அவன் போகிற நாள் வரைக்கும் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்ற கேள்வி இரண்டிலும் இல்லை. அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

கல்கத்தாவில் நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன். கல்கத்தா மைதானத்தில் மூன்று பெரிய கிளப்புகள்: மோகன் பகான், முகமடன் ஸ்போர்ட்டிங், ஈஸ்ட் பெங்கால். மூன்றின் கூடாரங்களும் ஒரே மைதானத்தில்தான். ஆனால் ரசிகர்களுக்கு அது மூன்று தேசம். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் அவர்கள் வீட்டில் இலிசா மீன் குழம்பு. மோகன் பகான் ஜெயித்தால் இவர்கள் வீட்டில் இறால். ஆட்டக்காரர்கள் கிளப் மாறும் பருவம் வந்தால், வேறு கிளப்பார் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்து ஆட்டக்காரர்களை ஒளித்து வைப்பார்களாம்!

1980இல் ஈஸ்ட் பெங்காலின் முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் ஒரே சமயத்தில் கிளப்பை விட்டுப் போய்விட்டார்கள். கிளப் கவிழ்ந்தது என்று எல்லாரும் நினைத்த நேரத்தில், அலிகார் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்திருந்த ஈரானிய இளைஞர்களை அழைத்து வந்தார்கள். அவர்களில் ஒருவர் மஜீத் பிஷ்கர். 1978 உலகக் கிண்ணத்துக்கான ஈரான் அணிப் பட்டியலில் இருந்தவர். 12ஆம் எண் சட்டை. அவர் காலில் பந்து ஒட்டிக்கொண்டது போல் இருக்குமாம். அந்த ஆண்டே பெடரேஷன் கிண்ணத்தில் ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானோடு கூட்டு வெற்றியாளர் ஆனது. இந்திய மண்ணில் ஆடிய வெளிநாட்டவர்களில் இவரைப் போல் இன்னொருவர் இல்லை என்று அங்கே இன்றும் சொல்வார்கள்.

அந்த ரசிகர்களின் வெறி எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு துயரச் செய்தி போதும். அதே 1980ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் தேதி ஈடன் கார்டன்ஸ் அரங்கில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதின. பார்வையாளர் பகுதியில் கலவரம், நெரிசல். ஆட்டம் பார்க்க வந்த 16 பேர் பிணமாக வீடு திரும்பினார்கள்.

அப்படிப்பட்ட கூட்டம் மஜீதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியது. ஆனால் அந்த இளைஞன் தனியாள். அவர் முன்பு ஆடிய கொர்ரம்ஷார் நகரம் அதே ஆண்டு அக்டோபரில் போரில் ஈராக்கியர் கையில் வீழ்ந்தது. ஊர் இடிந்துகொண்டிருக்கிறது, இவர் இங்கே மாலையும் கைதட்டலும் வாங்கிக்கொண்டிருக்கிறார். கோல் போட்டால் தோளில் தூக்க ஆயிரம் பேர் இருந்தார்கள். "தம்பி, ஊரிலிருந்து கடிதம் வந்ததா? சாப்பிட்டாயா?" என்று கேட்க எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? கூட்டாளிகள் சரியில்லை, பழக்கங்கள் கெட்டன, ஒழுங்கு குலைந்தது என்று கல்கத்தாக்காரர்கள் பின்னால் நிறைய எழுதினார்கள். 1982இல் அவர் ஈஸ்ட் பெங்காலை விட்டு முகமடன் ஸ்போர்ட்டிங்குக்குப் போனார். ரசிகர்களுக்கு அது அடுத்த கூடாரமல்ல, அடுத்த கண்டம். அங்கே பழைய ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. பிறகு ஈரானுக்கே திரும்பிவிட்டார்.

கதை அங்கே முடியவில்லை. 2019 ஆகஸ்டில், ஈஸ்ட் பெங்கால் நூற்றாண்டு விழாவுக்கு அவரை அழைத்தார்கள். அறுபதைத் தாண்டிய மனிதர் கல்கத்தா விமான நிலையத்தில் வந்து இறங்குகிறார். நள்ளிரவுக்கு மேல் ஆகிவிட்டது. வெளியே ஆயிரக்கணக்கான பேர் அவர் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டு நிற்கிறார்கள். அவர் ஆடியதைப் பார்த்தே இராத, அப்பாவும் தாத்தாவும் சொல்லக் கேட்ட பிள்ளைகள் அதில் பாதி. விட்டுப் போய் முப்பத்தேழு வருஷம் கழித்து!

இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ரசிகனுடைய அன்பு சாகாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் கூடவே ஒரு கேள்வியும் வந்தது. அந்த ஆயிரம் பேரில் பத்துப் பேர், 1982இல், அவர் தடுமாறிய நாட்களில், அவர் அறைக் கதவைத் தட்டியிருந்தால்? மாலை முப்பத்தேழு வருஷம் கழித்தும் வரலாம். கை கொடுப்பது அப்படியல்ல. அதற்கு நேரம் உண்டு.

கதவைத் தட்டிய கதையும் ஒன்று இருக்கிறது. அது இங்கிலாந்தில். மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பில் எரிக் கண்டோனா என்ற பிரெஞ்சுக்காரர். அவருக்கு மூக்கு நுனியில் கோபம். 1995ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் தேதி, லண்டனில் ஓர் ஆட்டம். சிவப்பு அட்டை வாங்கி வெளியே போகும்போது ஒரு பார்வையாளன் ஏசினான். இவர் தடுப்பைத் தாண்டிப் பாய்ந்து உதைத்தே விட்டார். உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. முதலில் இரண்டு வாரம் சிறை என்றது நீதிமன்றம். மேல்முறையீட்டில் அது 120 மணி நேரச் சமூகச் சேவையாக மாறியது. பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக் கொடுப்பதுதான் அந்தச் சேவை. காற்பந்துச் சங்கம் செப்டம்பர் 30 வரை ஆடத் தடை விதித்தது.

இவர் இல்லாமல் அணி என்ன ஆனது? ஒரே ஒரு புள்ளியில் லீக் பட்டத்தை இழந்தது. கிண்ண இறுதியாட்டத்திலும் தோற்றது. முன்கோபக்காரப் பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். கோபப்பட்டவர் ஒருவர். அந்தக் கடனைக் கட்டியது பத்துக் கூட்டாளிகள்.

அந்த ஆகஸ்டில் கண்டோனா வெறுத்துப் போனார். இனி இங்கிலாந்தே வேண்டாம் என்று பாரிசுக்குப் போய்விட்டார். "போனா போறான்" என்று மேலாளர் அலெக்ஸ் பெர்குசன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தானே புறப்பட்டுப் பாரிசுக்குப் போய், உட்கார்ந்து பேசி, திரும்பி வரச் சம்மதிக்க வைத்தார். அக்டோபர் 1ஆம் தேதி, தடை முடிந்த மறுநாள், லிவர்பூலோடு ஆட்டம். கண்டோனா பெனால்டி கோல் அடித்தார். 1996இல் அதே அணி லீக்கையும் கிண்ணத்தையும் சேர்த்தே வென்றது. கிண்ண இறுதியாட்டத்தின் ஒரே கோல் அவருடையது. அன்று அணித் தலைவரும் அவரே.

அவரை யாரும் தண்டிக்காமல் விடவில்லை என்பதை நினைவில் வையுங்கள். தண்டனை கடுமைதான். ஆனால் அந்தத் தண்டனைக்கு ஒரு கடைசித் தேதி இருந்தது. செப்டம்பர் 30. அதுவரை நீ வெளியே. அதற்கு மறுநாள் உன் சட்டை உனக்குக் காத்திருக்கும். அந்தத் தேதி அவருக்கும் தெரியும், ரசிகர்களுக்கும் தெரியும். அதனால்தான் அவர்களால் காத்திருக்க முடிந்தது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து அணி. பெயர் வேண்டாம். இடப்பக்க ஓரத்தில் ஒரு பையன் ஆடுவான். பந்தை வாங்கினால் இரண்டு பேரைக் கழித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்ப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுவரைப் பிடித்துத் தள்ளிவிட்டான். தப்புத்தான். கமிட்டி கூடியது. "இனிமே இந்தத் திடல்ல கால் வைக்காதே!" என்றார்கள். எத்தனை வாரத்துக்கு என்று யாரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் பக்கத்துத் தோட்டத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு எதிரே வந்து நின்றான்.

நம்மவர்கள் கோட்டோரம் நின்று என்னவெல்லாமோ கத்தினார்கள். சபையில் சொல்ல முடியாது. அவனுடைய அம்மா அந்தக் கூட்டத்தில்தான் நின்றார். காலையில் பால் எடுத்துவிட்டு, வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மகன் ஆட்டத்தைப் பார்க்க வந்தவர். ஆட்டம் முடியுமுன்பே லயத்துக்குத் திரும்பிவிட்டார். பையனுக்கு அங்கேயும் சண்டை வந்தது. பிறகு பந்தையே விட்டுவிட்டான். இன்று அந்தத் தோட்டம் வீடமைப்புப் பகுதி. திடல் இருந்த இடத்தில் கடைவரிசை. அங்கே தேநீர் குடிக்கும் பெரியவர்கள், "அவனை மாதிரி ஓர் ஆட்டக்காரன் இனிமே பொறக்கணும்யா" என்கிறார்கள். இவர்களும் மாலையோடு நிற்கிறார்கள். ஆனால் வரவேண்டியவன் வரவில்லை.

பெற்றோர்களே, ஆசிரியர்களே! இந்தப் பையன் பந்தாட்டத் திடலில் மட்டுமா இருக்கிறான்? நம் வகுப்பறையில் இருக்கிறான். கணக்கை எல்லாருக்கும் முன்னால் போட்டு முடிப்பான். முடித்துவிட்டுப் பக்கத்துப் பையனின் புத்தகத்தைப் பிடுங்கி எறிவான். ஆறாம் ஆண்டு வரைக்கும் வாத்தியார் பெயர் தெரியும், வாத்தியாருக்கும் இவன் அப்பா பெயர் தெரியும். இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு யாருக்கு யாரைத் தெரியும்? அங்கே ஒரு சண்டை, ஒரு கடிதம், ஒரு வாரம் வீட்டில். பிறகு ஒரு மாதம். பிறகு ஒரு நாள், "அவன் படிப்பை விட்டுட்டானாம்" என்கிறோம். அடுத்த வார்த்தை தயாராக இருக்கிறது: "அவன் அப்பவே அப்படித்தான்." விட்டுப் போகும் பிள்ளைக்கு அடுத்த கூடாரமும் தயாராக இருக்கிறது. அந்தக் கூடாரத்தில் பந்து கிடையாது. அங்கே யார் இவனைத் தோளில் கை போட்டு வரவேற்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். பெற்றோர்களுக்கு: பிள்ளையைத் தண்டியுங்கள், ஆனால் தேதி சொல்லித் தண்டியுங்கள். "இனி நீ என் பிள்ளையே இல்லை" என்ற வார்த்தைக்குக் கடைசித் தேதி கிடையாது. அதைச் சொல்லாதீர்கள். ஆசிரியர்களுக்கும் சங்கத்தாருக்கும்: ஒரு மாணவன் தொடர்ந்து வரவில்லையென்றால், நம் பள்ளியை முடித்துப் போனவனாக இருந்தாலும், யாராவது ஒருவர் அந்த முதல் வாரத்திலேயே வீட்டுக்குப் போங்கள். பாரிஸ் தூரம், நம் வீடுகள் பக்கம்தான். தோட்டத்து இளைஞர்களுக்கு: உங்கள் அணியில் ஒருவனை நிறுத்தி வைத்தால், எத்தனை ஆட்டம் என்று அன்றே சொல்லுங்கள். அதுவரைக்கும் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக் கொடுக்கட்டும்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. இன்றைய பரிசுப் பட்டியலைப் பார்த்தேன். சந்தோஷம். பரிசு வாங்கியவர்கள் வீட்டுக்குப் போகுமுன், உங்கள் வகுப்பில் உங்களைவிடக் கெட்டிக்காரனாக இருந்து, ஏதோ கோபத்தில் இன்று விழாவுக்கே வராமல் இருப்பவன் யார் என்று நினைத்துப் பாருங்கள். நாளைக்கு அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள். பேச வேண்டும் என்றுகூட இல்லை. உட்காருங்கள், போதும்.