ஓலையும் அவையும்
(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



நிலம், கடன், குடும்பப் பங்கு என இருவர்க்கிடையே எழும் வழக்கை முறைமன்றம் எங்ஙனம் தீர்க்கின்றது என்பதே இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள். இது நமக்குப் புதியதன்று. 12-ஆம் நூற்றாண்டிலேயே சேக்கிழார் அத்தகைய வழக்கொன்றை நம் கண்முன் நடத்திக் காட்டியுள்ளார்.

மணப்பந்தரில் அமர்ந்திருந்த நம்பியாரூரரைத் தமக்கு வழிவழி அடிமை என்றார் ஒரு முதியவர். சினந்த ஆரூரர் அவர் கை ஓலையைப் பறித்துக் கிழித்தார். முதியவர் கலங்கவில்லை, கிழிந்தது படியோலையே, முதலோலை உள்ளது என்றார். திருவெண்ணெய்நல்லூர் அவை, வந்தவர் எளியரா வலியரா என்று பார்க்கவில்லை. நெடுநாள் வழக்காறு, எழுத்து, கண்டவர் கூற்று என்னும் மூன்றனுள் ஒன்றால் மெய்ப்பிக்குமாறு கேட்டது. முதலோலை படிக்கப்பட்டது. பாட்டனாரின் கையெழுத்து, அவரே எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்பிடப்பட்டது. பின்னரே தீர்ப்புப் பிறந்தது.

இன்றைய உரிமையியல் மன்றத்தின் உயிர்நாடியும் இதுவே. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி, முதலில் வழக்கிடுவோர் வழக்குரை தருகின்றார். எதிராளர்க்கு அழைப்பாணை செல்கின்றது. அவர் 30 நாளுள் எதிருரை தரவேண்டும். தக்க ஏது காட்டின் 90 நாள் வரை இசைவு பெறலாம். ஒருவர் கூறி மற்றவர் மறுத்தவை எவையோ அவற்றையே நடுவர் எழுவினாக்களாக வகுக்கின்றார். சான்றும் உசாவலும் அவற்றைச் சுற்றியே நிகழும். குற்ற வழக்கைப் போல ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. இரு கூற்றுள் எது மிகுதியும் நம்பத்தக்கதோ அதன்பால் துலைக்கோல் சாயும்.

தோழர்களே! எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர்க்கு அழைப்பாணை வந்தது. அது ஆங்கிலத்தில் இருந்தது. அவர் அதனைக் கூரை இடுக்கில் செருகிவிட்டு உழச் சென்றார். மன்றத்தில் அவர் பெயர் அழைக்கப்பட்டது, விடையில்லை. ஒருதலைத் தீர்ப்பாணை எழுந்தது. அதனை நீக்க வேண்டுவதற்குரிய 30 நாளும் கடந்த பின்னரே அவர் செய்தி அறிந்தார். நிலம் போயிற்று. அவர்பால் ஆவணம் இருந்தது. அதனைக் காட்டும் வாய்ப்பைத்தான் அவர் இழந்தார்.

காலமும் ஒரு சான்றே. கொடுத்த கடனுக்கு 3 ஆண்டு, பறிபோன நிலத்தை மீட்க 12 ஆண்டு என 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் வரையறுக்கின்றது. உறவு முறிந்துவிடுமே என்று பொறுத்திருந்து உரிமையிழந்தோர் பலர். வழக்காடாமலே இணங்க விரும்புவோர்க்கு மக்கள் மன்றம் உண்டு. ஆங்கு எட்டும் உடன்பாடு தீர்ப்பாணைக்கு நிகரானது. அதன்மேல் மேன்முறையீடும் இல்லை.

கீழமை மன்றங்களில் தமிழ் வழங்குதற்கு 1976-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத் திருத்தம் வழிசெய்தது. அவ்வழியில் நடக்கவேண்டியவர் நாமே. உம் வழக்குரையைத் தமிழில் எழுதித் தருமாறு வழக்குரைஞரிடம் கேளுங்கள். பொருள் விளங்காத தாளில் கையெழுத்திடாதீர்கள். ஆரூரர் தோற்றார், ஆயினும் எதனால் தோற்றார் என்பதை அவர் மொழியிலேயே அவர்க்கு உரைத்தது அவ்வவை. நம் உழவர்க்கும் அவ்வுரிமை வேண்டும்.