புதுநன்மைக்கு ஒரு பட்டியல்

(நம் சங்கத்தின் மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "ரிட்டயர் ஆன பிறகு என்ன பண்றீங்க? அதைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க" என்றார். நான் பண்ணுவது ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் கோயில் தாழ்வாரத்தில் பாய் விரித்து, முப்பது முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித் தருகிறேன். இப்போது அதற்கு மறைக்கல்வி என்று பெயர். பெயர்தான் மாறியிருக்கிறது, பிள்ளைகள் போடுகிற சத்தம் மாறவில்லை. இங்கே எல்லா மதத்தவரும் இருக்கிறீர்கள். எங்கள் கோயில் சங்கதியை இங்கே எதற்குச் சொல்கிறான் என்று நினைக்க வேண்டாம். முடிவில் அது உங்கள் சங்கதியும் ஆகும் என்று நம்பிப் பேசுகிறேன்.

நான் பாகூர் கொம்யூனைச் சேர்ந்தவன். எங்கள் மண்ணுக்குக் கல்வி புதிதல்ல. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேட்டை வரலாறு படித்தவர்கள் அறிவீர்கள். 9-ம் நூற்றாண்டிலேயே பாகூரில் ஒரு வித்யாஸ்தானம் நடந்தது, அதற்கு மூன்று கிராமங்கள் கொடையாகக் கொடுக்கப்பட்டன என்பது அதில் இருக்கிற செய்தி. பாடம் கேட்க வருகிறவனுக்கு ஊரே சோறு போட்ட மண் இது.

கிறிஸ்தவ வேதக் கல்விக்கும் தமிழில் நீண்ட கதை உண்டு. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் கையில் மணியோடு தெருத்தெருவாய்ப் போய்ப் பிள்ளைகளைத்தான் முதலில் கூப்பிட்டார். பிள்ளைகள் கற்ற செபத்தை வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்குச் சொல்லித் தர வேண்டும் என்பது அவர் கண்ட வழி. தமிழ் எழுத்தில் அச்சாகி நம் கைக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய புத்தகம் எது தெரியுமா? 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்'. ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் ஆக்கியது. பதினாறே பக்கம். அது ஞானோபதேசப் புத்தகம்தான். நம் புதுச்சேரியில் 1844-ல் ஒரு சினோது கூடிக் கல்வியைப் பற்றித் தீவிரமாகப் பேசியது. அதே ஆண்டில் பெண் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவென்றே ஒரு கன்னியர் சபையைத் துப்புயி அடிகளார் இங்கே தொடங்கினார். ஆக, நான் விரிக்கிற பாய் ரொம்பப் பழைய பாய்.

நான் புதுநன்மை வாங்கியது 1961-ல். புதுச்சேரி இந்தியாவோடு சட்டப்படி இணைவதற்கு முந்தின வருஷம். பூசை அப்போது லத்தீனில்தான். உபதேசியார் ஐயா கையில் பிரம்போடு உட்கார்ந்திருப்பார். கேள்வி அவருடையது, பதில் நம்முடையது. ஒரு சொல் மாறினாலும் பிரம்பு பேசும். அர்த்தம் கேட்கக் கூடாது, கேட்கவும் தோன்றாது. நன்மை வாங்குகிற அன்று நடுராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. தண்ணீர் குடிக்கலாம் என்று 1953-லேயே ரோமையிலிருந்து உத்தரவு வந்திருந்தது. 1957-ல் உபவாசத்தையே மூன்று மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். ஆனால் ரோமையின் உத்தரவு எங்கள் பாட்டியிடம் செல்லுபடியாகவில்லை. எங்களோடு இருந்த ஒரு பையன் பூசை நடுவில் மயங்கி விழுந்தான். அதையும் ஊரார் பக்தி என்றே சொன்னார்கள்.

உபதேசியாரைக் குறை சொல்வதாக நினைக்கக் கூடாது. கிளைக் கிராமங்களுக்குச் சாமியார் மாதம் ஒரு முறை வந்தால் அதிகம். மற்ற நாளெல்லாம் செபம் சொல்வதும், சாவுக்குப் போவதும், பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதும் அவர்தான். இன்றைக்கும் எனக்கு ஜுரம் வந்து பிதற்றினால் வாயில் வருவது அவர் சொல்லித் தந்த செபம்தான் என்று என் மனைவி சொல்கிறாள்.

கல்லூரி முடித்து அரசுப் பள்ளியில் ஆசிரியர் ஆனேன். 1983 முதல் ஞாயிறு வகுப்பும் என் தலையில் விழுந்தது. சந்தோஷமாகவே ஏற்றேன். வேடிக்கைகளுக்குக் குறைவில்லை. முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னால் பாவங்களை யோசித்து ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். வெளியே வந்து பார்த்தால், கோயில் படிக்கட்டில் ஒருவன் இன்னொருவனிடம், "டேய், எனக்கு ரெண்டுதான்டா வருது. உன்னுதுல கொஞ்சம் குடுடா, பாத்து எழுதிக்கிறேன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். அன்றோடு சீட்டு எழுதச் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

இப்போது சொல்லப் போவது வேடிக்கை அல்ல.

1988-ம் வருஷம். புதுநன்மைக்குப் பதினான்கு பிள்ளைகள். ஜனவரியில் வகுப்பு தொடங்கி, உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகு மே மாதம் நன்மை. அதில் ஒரு பெண் பிள்ளை, ஒன்பது வயசு. அப்பா அம்மா கரும்பு வெட்டுக்குப் போகிறவர்கள். எங்கள் பக்கம் கரும்பு வெட்டு நடப்பதும் அதே மாதங்களில்தான். தாய் தகப்பன் கொல்லையில் இருந்தால், வரப்பில் தொட்டில் கட்டித் தம்பியைப் பார்த்துக்கொள்வது யார்? அந்தப் பிள்ளைதான். ஆகவே நாலு ஞாயிறு வந்தால் மூன்று ஞாயிறு வராது. நான் வருகைப் பதிவேட்டில் சுழி போட்டேன். ஏன் வரவில்லை என்று போய்ப் பார்க்கவில்லை. அவர்கள் தெரு கோயிலிலிருந்து அரை மைல்கூட இல்லை.

ஏப்ரலில் பரீட்சை வைத்தேன். இருபது கேள்வி, பதினைந்துக்குப் பதில் சொன்னால் தேர்ச்சி. அந்தக் கணக்கு யார் போட்டது? நான்தான். பள்ளிக்கூடத்துப் புத்தி. அந்தப் பிள்ளை ஆறுக்குத்தான் சொன்னது. "நற்கருணை என்றால் என்ன?" என்று கேட்டேன். புத்தகத்தில் அதற்கு நீளமான பதில் உண்டு. அது கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "பாக்கறதுக்கு அப்பம் மாதிரிதான் சார் இருக்கும். ஆனா அப்பம் இல்ல, சேசு சாமி" என்றது. மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தப்பு என்று குறித்தேன்.

சாமியார் பட்டியலைப் பார்த்து, "இந்தப் பிள்ளை பேருக்கு நேரே கோடு போட்டிருக்கே?" என்று கேட்டார். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் சாமி" என்றேன். என் பேச்சை நம்பி அவர் விட்டுவிட்டார். நன்மை அன்று பதின்மூன்று பிள்ளைகள் வெள்ளை உடுப்பும் மெழுகுதிரியுமாக வரிசையில் வந்தார்கள். அந்தப் பிள்ளை துவைத்த பள்ளிச் சீருடையில் பாட்டி பக்கத்தில் கடைசியில் உட்கார்ந்திருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பாட்டுக்காரர்களிடம் ஏதோ சொல்லப் போய்விட்டேன். அடுத்த வருஷம் என்றேனே, அடுத்த வருஷம் அந்தக் குடும்பமே ஊரில் இல்லை. செங்கல் சூளை வேலைக்குப் போய்விட்டார்கள்.

1994-ல் திண்டிவனத்தில் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி. அங்கே தமிழக விவிலிய மறைக்கல்வி வழிபாட்டு நிலையம் இருக்கிறது. நம் மறைமாநிலத்துக் கல்லேரியில் 1932-ல் பிறந்த அமலோற்பவதாஸ் அடிகளாரைப் பற்றி அங்கே நிறையக் கேள்விப்பட்டேன். 1967-ல் பெங்களூரில் தேசிய நிலையத்தைத் தொடங்கி, மனப்பாடத்திலிருந்து மறைக்கல்வியைப் பிள்ளையின் வாழ்க்கைப் பக்கம் திருப்பப் பாடுபட்டவர் அவர். 1990-ல் சாலை விபத்தில் காலமானார்.

அந்தப் பயிற்சியில் ஒரு நாள் பத்தாம் பத்திநாதர் என்கிற பாப்பரசர் 1910-ல் வெளியிட்ட ஆணையை விளக்கினார்கள். அதற்கு முன்னால் பல நாடுகளில் பத்து, பன்னிரண்டு, சில இடங்களில் பதினான்கு வயசு ஆனால்தான் புதுநன்மை. அவர் அதை மாற்றி, புத்தி விவரம் வருகிற ஏழு வயசையொட்டியே கொடுக்கலாம் என்றார். பிள்ளைக்கு வேத சத்தியம் முழுவதும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தன் வயசுக்கு ஏற்ற அளவில் முக்கியமான சத்தியங்கள் புரிந்திருக்க வேண்டும். நற்கருணை அப்பத்துக்கும் சாதாரண அப்பத்துக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். ஆணையின் சாரம் இதுதான். பிள்ளை தகுதியா என்று முடிவு செய்கிற பொறுப்பை அது தகப்பனுக்கும் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவுக்கும் கொடுக்கிறது. இருபது கேள்விக்குப் பதினைந்து என்று கணக்குப் போடுகிற வாத்தியாருக்குக் கொடுக்கவில்லை.

எனக்கு அந்த நிமிஷமே உடம்பு வேர்த்தது. "பாக்கறதுக்கு அப்பம் மாதிரிதான் சார் இருக்கும். ஆனா அப்பம் இல்ல." பாப்பரசர் கேட்டதை அந்தப் பிள்ளை தன் வார்த்தையில் அப்படியே சொல்லியிருந்தது. பதினான்கு பிள்ளைகளில் புத்தகத்தை விட்டுத் தானாகப் பதில் சொன்னது அது ஒன்றுதான். அதைத்தான் நான் கழித்திருந்தேன்.

2009-ல் ஒரு ஞாயிறு. வகுப்பு முடிகிற நேரம். ஒரு பெண் தன் மகள் கையைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத் தூண் ஓரம் நின்றாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவளே சொன்னாள். மறுபடி ஊருக்கே வந்துவிட்டார்களாம். "உனக்கு அப்புறம் எப்பம்மா நன்மை குடுத்தாங்க?" என்று கேட்டேன். "கல்யாணத்துக்கு முந்தின நாள் சார். அவசர அவசரமா" என்றாள். பிறகு மகளை முன்னால் தள்ளி, "இவளுக்கு மனப்பாடம் வராது சார், என்னை மாதிரி. கழிச்சுடாதீங்க" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "தப்பு உன்னுது இல்லம்மா, என்னுது. நீ அன்னைக்குச் சொன்ன பதில் சரியான பதில்" என்றேன். அவளுக்கு அந்தப் பதில் நினைவில்லை. பரீட்சையில் தோற்றது மட்டும்தான் நினைவிருந்தது. இருபத்தோரு வருஷம்!

அதற்குப் பிறகு மூன்று காரியங்களை மாற்றினோம். மறைக்கல்விக் குழுவில் இருக்கிற சிஸ்டரும் இளைஞர்களும் சேர்ந்துதான். வராத பிள்ளையின் வீட்டுக்கு அந்த வாரமே போவது முதலாவது. பிள்ளை வர முடியாவிட்டால் வகுப்பு அங்கே போகும். சாயந்திரம் திண்ணையில் உட்கார்ந்தால் தாயும் பாட்டியும் சேர்ந்து கேட்பார்கள். சவேரியார் பிள்ளை வழியாகப் பெற்றோருக்கு என்றார்; இங்கே பெற்றோரோடு சேர்த்தே நடக்கிறது. இரண்டாவது, எழுத்துப் பரீட்சை கிடையாது. செபங்கள் மனப்பாடம் வேண்டும், அதை நான் விடவில்லை. வரிசையாய் நின்று சேர்ந்து சொன்னால் தானாக வந்துவிடும். ஆனால் புரிந்ததா என்பதை ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாக உட்கார்ந்து பேசித்தான் அறிகிறோம். மூன்றாவது உடுப்பு. இப்போதெல்லாம் புதுநன்மை என்றால் டிஜிட்டல் பேனர், வீடியோ, பிரியாணி, மண்டபம் என்று ஆகிவிட்டது. கடன் வாங்கிச் செய்கிறவர்கள் உண்டு. கடனுக்குப் பயந்து பிள்ளையை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுகிறவர்களும் உண்டு. அதனால் கோயிலிலேயே எல்லா அளவிலும் வெள்ளை உடுப்பு தைத்து வைத்திருக்கிறோம். எல்லாப் பிள்ளைகளும் அதையே போடுவார்கள். வசதி உள்ள வீட்டாரிடம் பேசிச் சம்மதிக்க வைக்கத்தான் இரண்டு வருஷம் ஆனது.

2020-ல் கொரோனா வந்து கோயில் கதவே மூடியபோது வாட்ஸ்அப்பில் வகுப்பு நடத்தச் சொன்னார்கள். யார் வீட்டில் போன் இல்லை என்று முதலில் ஒரு பட்டியல் எடுத்தோம். தளர்வு வந்ததும் முதலில் போனது அந்த வீடுகளுக்குத்தான். பட்டியல் என்றால் இப்படியும் எழுதலாம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நண்பர்களே, எங்கள் பக்கத்தில் வில்லியனூர் இருக்கிறது. திருக்காமீசுவரர் தேர் இழுக்கப் பிரெஞ்சுக் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடிப்பார். இன்றைக்குத் துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். அதே ஊரில் 1877-ல் பிரான்சிலிருந்து வந்த லூர்து அன்னை சுரூபம் இருக்கிற திருத்தலத்தில், மதம் பார்க்காமல் ஜனங்கள் வந்து குளத்துத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போகிறார்கள். அங்கே யாரும் வாசலில் நின்று இருபது கேள்வி கேட்பதில்லை.

உங்களில் பலர் ஆசிரியர்கள். சிலர் அதிகாரிகள். எல்லோரும் ஏதோ ஒரு பட்டியல் எழுதுகிறவர்கள்தான். தேர்ச்சிப் பட்டியல், பயனாளிகள் பட்டியல், தேர்வுப் பட்டியல். எழுதுங்கள், எழுதாமல் முடியாது. ஆனால் கோடு போட்ட பெயர் ஒன்று இருந்தால், கையெழுத்துப் போடும் முன்னால் அந்த வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். அரை மைல்தான் இருக்கும். நான் போகவில்லை. அதனால் சொல்கிறேன்.

அந்தப் பெண்ணின் மகள் 2010-ல் புதுநன்மை வாங்கினாள். இப்போது எங்கள் தாழ்வாரத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சிலுவை அடையாளம் போடச் சொல்லித் தருகிறாள். என்னைவிடப் பொறுமைசாலி.