கண்ணாடிக் குழாய் சொன்ன சாட்சி

 

என் பாட்டி தோட்டத்தில் மருந்து அடித்தவர். லாலாங் புல்லைக் கொல்ல அந்நாளில் சோடியம் ஆர்செனைட் தெளிப்பார்கள். ஆர்செனிக் என்னும் பாஷாணம் அடங்கிய மருந்து அது. "தண்ணியில கலந்துட்டா தண்ணி மாதிரிதான் இருக்கும் கண்ணு" என்பார் பாட்டி. அந்தச் சொல்தான் இன்று என்னைப் பேச வைக்கிறது.

வெள்ளைப் பாஷாணத்திற்கு மணமில்லை, சுவையும் தெரியாது. உணவில் கலந்துவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது? 1830-களில் இங்கிலாந்தில் ஒரு கொலை வழக்கு. ஜேம்ஸ் மார்ஷ் என்ற வேதியியல் அறிஞர் காப்பியைச் சோதித்து, ஆர்செனிக்கை மஞ்சள் படிவாகக் கண்டார். ஆனால், வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் படிவு கெட்டுப்போனது. ஜூரிகள் நம்பவில்லை. குற்றம் சாட்டப்பட்டவன் விடுதலையானான். பின்னாளில் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டான்.

மார்ஷ் சும்மா இருந்தாரா? 1836-இல் புதிய சோதனையை வெளியிட்டார். சந்தேகத்திற்குரிய பொருளோடு துத்தநாகத்தையும் அமிலத்தையும் சேர்த்தால் ஹைட்ரஜன் பிறக்கும். ஆர்செனிக் இருந்தால், அது ஹைட்ரஜனோடு கூடி ஆர்சின் என்னும் வாயுவாகும். அந்த வாயுவைக் கண்ணாடிக் குழாயில் செலுத்திக் குழாயைச் சுட வைக்கும் முறையைப் பின்வந்தவர்கள் சேர்த்தார்கள். சூட்டில் கூட்டு பிரியும். ஹைட்ரஜன் ஓடிப்போகும்; ஆர்செனிக் மட்டும் குழாயின் குளிர்ந்த பக்கத்தில் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் கறுத்து மின்னும். ஒரு மில்லிகிராமில் 50-இல் ஒரு பங்கு இருந்தாலும் போதும், காட்டிக் கொடுத்துவிடும்!

ஆர்செனிக் முழு உலோகமன்று, உலோகப்போலி. ஆனால், டைட்டானியம் ஹைட்ரைடு போன்ற உலோக ஹைட்ரைடுகளும் இதே வழிதான்: நன்றாகச் சூடேற்றினால் ஹைட்ரஜன் நீங்கும், உலோகம் நிற்கும்.

மாணவர்களே, ஆர்சின் ஆளைக் கொல்லும் வாயு. செய்து பார்க்க ஆசைப்படாதீர்கள்! மார்ஷிடம் நாம் கற்க வேண்டியது வேறு. உண்மை நமக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. பிறர் கண்ணும் காணும்படி காட்ட வேண்டும்.

பெற்றோர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். புல் மருந்தைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வீட்டில் வைக்காதீர்கள். பிள்ளைக்கு என்ன தெரியும்? மார்ஷின் சோதனை உயிர் போன பிறகு உண்மையைச் சொல்லும். போத்தலில் ஒட்டிய சீட்டு, உயிர் போகுமுன் சொல்லும்.