சிவப்பு ஒயின் திராட்சை நம்ம மண்ணுக்கு வருமா?

(பண்ணை ஒலிபரப்பில் நிகழ்த்திய உரை)



இரும்பை, மரக்காணம் பக்கத்து விவசாயிகள் சிலர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். "மல்லாட்டையும் சவுக்கும் போட்டு அலுத்துப் போச்சுங்க. ஒயின் திராட்சைக்கு நல்ல காசு என்கிறார்களே, வைக்கலாமா?" என்று. கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துப் பந்தல் போடுவதற்குள் கைமுதல் கரைந்துவிடும். அதனால் விஷயத்தை முதலில் தெரிந்துகொள்வோம்.

சிவப்பு ஒயினுக்குச் சாயம் தருவது பழத்தின் தோல்தான். பெரும்பாலான கறுப்புத் திராட்சையை நசுக்கினாலும் சாறு வெளுப்பாகவே வரும். தோலோடு சேர்த்து நொதிக்க விட்டால்தான் சிவப்பு ஏறும். ஆகவே சின்னப் பழமும் தடித்த கறுந்தோலும் உள்ள ரகங்களையே இதற்குத் தேடுகிறார்கள். பிரான்சின் போர்டோ வட்டாரத்துக் கேபர்னே சாவினோன், மெர்லோ, ரோன் பள்ளத்தாக்குச் சிரா ஆகியவை உலகம் பூராவும் பேர் பெற்றவை. சிராவைத்தான் ஷிராஸ் என்றும் சொல்கிறார்கள். நம் நாட்டில் மகாராஷ்டிரத்து நாசிக் பக்கம் கேபர்னேயும் ஷிராஸும் பயிராகின்றன. கர்நாடகத்தில் பெங்களூர் நீலம் உண்டு. அதனோடு பிளாக் சம்பாவை ஒட்டுச் சேர்த்து, பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் அர்க்கா ஷியாம் என்ற ரகத்தை உண்டாக்கினார்கள்.

நம்ம தமிழ்நாட்டுக்குச் சொந்தம் கொண்டாடுவது கம்பம் பன்னீர் திராட்சை, அதாவது மஸ்கட் ஹாம்பர்க். 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டு வந்தார் என்று சொல்வார்கள். 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சாப்பிட அருமை. ஒயினாக்கினால் மணம் இருக்கும், ஆனால் சாயம் வெளிறிப்போகும்.

இனிப்புக் கணக்கும் ஒன்று உண்டு. ஒரு லிட்டர் சாற்றில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை இருந்தால் நொதித்தபின் 1 சதவீதம் சாராயச் சத்து வரும். 12 சதவீதம் வேண்டுமானால் 200 கிராமுக்கு மேல் சர்க்கரை ஏறியிருக்க வேண்டும். அதற்காகக் கொத்துகளைக் கழித்து விளைச்சலைக் குறைப்பார்கள். எடை பார்த்து விற்கிற நமக்கு அது மனசுக்கு ஒப்புமா?

சரி, நம்ம ஊருக்கு வருவோம். செம்மண் இருக்கிறது, நீர் வடியும், வெயிலுக்கும் குறைவில்லை. இடைஞ்சல் இரண்டு. ஒன்று ஐப்பசி, கார்த்திகை அடைமழை. ஆனி மாதம் கவாத்து செய்தால் பழுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொள்ளும். பழம் வெடிக்கும், அழுகும். மார்கழிக் கடைசியில் வெட்டிச் சித்திரையில் அறுக்கிற ஒரு போகத்தைத்தான் நம்பலாம். ஈரக்காற்றில் அடிச்சாம்பல் நோயும் ஓயாது. அதற்கு 100 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு சேர்த்துப் போர்டோ கலவை அடிக்க வேண்டும். அந்த மருந்துக்குப் பேர் வந்ததும் அதே ஒயின் ஊரால்தான்! வழிப்போக்கர் பழம் பறிக்காமல் இருக்கச் சாலையோரக் கொடிகளில் நீலமாகப் பூசியிருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் இல்லாததைக் கண்டு 1885-இல் மில்லார்டே என்ற பேராசிரியர் மருந்தாக வெளியிட்டார்.

இரண்டாவது இடைஞ்சல் உப்பு. இதுதான் பெரிசு. சவுக்கும் தென்னையும் பொறுத்துக்கொள்ளும் தண்ணீரைத் திராட்சை பொறுக்காது. இலை ஓரம் கருகும். பாசன நீரின் மின்கடத்துத்திறன் 1 மில்லிமோ வரை பழுதில்லை. 1.7 ஆனால் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு குறையும். 2.7 ஆனால் கால் பங்கு போய்விடும். டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டினால் ஓரளவு தாங்கும். மகாராஷ்டிரத்தில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் கோடையில் கிணறு கரிக்கிற இடத்தில் ஒட்டும் காப்பாற்றாது.

வாங்குகிறவர் யார் என்பதையும் பாருங்கள். ஒயின் ரகத்தைச் சந்தையில் கூறுகட்டி விற்க முடியாது, பழம் சிறிசு, கொட்டை அதிகம். உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சவோ புளிக்கவைக்கவோ சட்டம் விடாது. "நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்" என்று யாராவது வந்து நாற்று விற்றால், விலையை எழுத்தில் வாங்காமல் ஒரு குழிகூட வெட்டாதீர்கள். என்னைக் கேட்டால், கடற்கரைக் கிராமங்களில் சிவப்பு ஒயின் ரகம் வேண்டாம். ஆசைப்படுகிறவர்கள் நல்ல தண்ணீர் உள்ள மேட்டு நிலத்தில் பன்னீர் திராட்சையைப் பத்து சென்டில் வைத்து இரண்டு மழைக்காலம் பார்க்கலாம்.

அதற்கும் முன்னால் சித்திரை, வைகாசியில், தண்ணீர் இறங்கியிருக்கும்போது, மோட்டாரை அரைமணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர் பிடியுங்கள். பேரும் சர்வே எண்ணும் எழுதி ஒட்டி, திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மழைக்காலத்தில் பிடித்த தண்ணீரைக் கொண்டுபோக வேண்டாம், அது உப்பை மறைத்துவிடும்.