ஆரோக்கியப் பச்சையும் காணி மக்களின் உரிமையும்

(திருவனந்தபுரத்தில் நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



பழங்குடி மக்களின் பண்பாடு என்றவுடன் அரசு விழாக்களில் ஆடப்படும் நடனமே பலருக்கு நினைவுக்கு வருகிறது. ஆட்டம் முடிந்து அம்மக்கள் திரும்பிச் செல்லும் நிலத்தில் அவர்களுக்கு என்ன உரிமை உண்டு என்று கேட்போர் சிலரே. இம்மாவட்டத்தின் அகத்திய மலையில் வாழும் காணி மக்களின் அனுபவம் இக்கேள்வியின் அவசியத்தை உணர்த்துகிறது.

1987ஆம் ஆண்டு முனைவர் புஷ்பாங்கதன் தலைமையில் ஆய்வாளர் குழு ஒன்று அம்மலைக்குச் சென்றது. வழிகாட்டிய காணி இளைஞர்கள் ஒரு சிறு பழத்தைத் தின்றுகொண்டு களைப்பின்றி நடந்தனர். முதலில் தயங்கியவர்கள், பின்னர் அச்செடியைக் காட்டினர். அதுவே ஆரோக்கியப் பச்சை. பாலோட்டிலுள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது. அதைத் தயாரிக்கும் உரிமம் 10 லட்சம் ரூபாய்க்கும் 2 விழுக்காடு ராயல்டிக்கும் கோவை நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டது. வருவாயில் பாதி காணி மக்களுக்கு என முடிவாயிற்று. அதற்கென 1997இல் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. மரபறிவின் பயனை அதன் உடைமையாளருடன் பகிர வேண்டும் என்ற 1992ஆம் ஆண்டு பல்லுயிர் உடன்படிக்கையின் முன்மாதிரி என்று உலகம் இதைப் பாராட்டியது.

பாராட்டு நியாயமானதே, ஆனால் நீதி பாதியில் நின்றது. செடி வளர்வது காட்டில்; காடு வனத்துறையின் பிடியில். இலையைப் பயிரிடவும் பறிக்கவும் தடைகள் எழுந்தன. அறிவைத் தந்தவர்களால் அச்செடியைத் தம் விருப்பப்படி வளர்க்க இயலவில்லை. மருத்துவ அறிவைத் தலைமுறைகளாகக் காத்துவந்த ‘பிலாத்தி’களில் சிலர், இவ்வறிவு விற்பனைக்குரியதன்று என்று எதிர்த்தனர். பணத்தைப் பகிர்வது பற்றிப் பேசப்பட்ட அளவுக்கு, முடிவெடுக்கும் அதிகாரத்தைப் பகிர்வது பற்றிப் பேசப்படவில்லை.

1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது எல்லைக்கோடு இம்மக்களையும் இருபுறமாகப் பிரித்தது. ஒருபுறம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் மலையாளம், மறுபுறம் தமிழ். எழுத்து வடிவமற்ற காணிப் பேச்சுக்கு இரு வகுப்பறைகளிலும் இடமில்லை.

ஆஸ்திரேலியாவின் யோல்ங்கு மக்கள் 1963இல் பாக்சைட் சுரங்கத்தை எதிர்த்து, தம் மரபு ஓவியம் தீட்டிய மரப்பட்டையில் மனுவை ஒட்டி நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். அம்மனு தம் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டிருந்தது. அவர்களுக்கு அந்த ஓவியமே நிலப்பத்திரம். 1971இல் நீதிமன்றம் அவர்களின் உரிமையை ஏற்க மறுத்தது. ஆயினும் அப்போராட்டத்தின் தொடர்ச்சியாக 1976இல் வடக்கு ஆட்சிப்பகுதிக்கு நிலவுரிமைச் சட்டம் வந்தது.

காணி இளைஞர் கல்லூரியில் பயில்வதாலும் நகரில் பணிபுரிவதாலும் அடையாளம் அழிந்துவிடாது. மாற்றம் எல்லாச் சமூகங்களுக்கும் உரியது. அம்மாற்றத்தின் திசையைத் தீர்மானிக்கும் உரிமை பறிக்கப்படும்போதே அடையாளம் அழிகிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்களின் மீதான உடைமையையும், மரபறிவின் மீதான சமூக உரிமையையும் ஏற்றுள்ளது. அவ்வுரிமைகள் ஏட்டிலிருந்து ஊருக்கு இறங்க வேண்டும். கிராம சபையின் ஒப்புதலின்றி ஓர் இலையும், ஓர் அறிவும் மலையிலிருந்து வெளியேறலாகாது. காணி மக்களின் இக்கோரிக்கையை உழைக்கும் மக்கள் அனைவரும் தம் கோரிக்கையாக ஏற்றுப் போராட வேண்டும்.