அன்னெஸ்லி குடும்பத்தின் பட்ட வழக்கு



தான் இன்னாருடைய மகன் என்பதை ஒருவன் எவ்வாறு நிலைநாட்டுவான்? பெற்றோர் இருவரும் மறைந்துவிட்டனர். ஊரார் வாக்கோ இரண்டுபட்டு நிற்கிறது. அயர்லாந்தின் பிரபு குடும்பங்களுள் ஒன்றான அன்னெஸ்லி குடும்பத்தில் இக்கேள்வி எழுந்தது.

அல்தம் பிரபுவான ஆர்தர் அன்னெஸ்லி 1727ஆம் ஆண்டு காலமானார். அவருடைய தம்பி ரிச்சர்ட், அண்ணனுக்குப் பிள்ளையில்லை என்று கூறிப் பட்டத்தைக் கைப்பற்றினார். அப்பொழுது டப்ளின் நகர வீதிகளில் அநாதையாகத் திரிந்தான் ஜேம்ஸ் என்னும் சிறுவன். இறைச்சி விற்கும் பர்செல் என்பவரே அவனுக்குப் புகலிடம் அளித்திருந்தார். மறு ஆண்டு ஜேம்ஸ் பிடிக்கப்பட்டு, அமெரிக்காவிலுள்ள டெலவெயருக்குக் கப்பலேற்றப்பட்டான். அங்கே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக ஒப்பந்தக் கூலியாக உழைத்தான். பின்னர் யமேக்காவை அடைந்து, பிரித்தானியக் கடற்படையிற் சேர்ந்து, 1741இல் ஊர் திரும்பினான்.

இதற்கிடையே ரிச்சர்ட், ஆங்கிள்சிப் பிரபு என்னும் உயர்ந்த பட்டத்தையும் 1737இல் அடைந்திருந்தார். 1742இல் ஜேம்சின் கைத்துப்பாக்கி தவறுதலாக வெடித்து ஒருவர் இறக்கவே, கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. அவனைத் தூக்கிலிடச் செய்யப் பதினாயிரம் பவுன் செலவிடவும் தாம் ஆயத்தம் என்று ரிச்சர்ட் கூறியதாக, அவருடைய சட்டத்தரணியே பிற்பாடு சாட்சி சொன்னார். கட்சிக்காரர் தம் சட்டத்தரணியிடம் கூறியதை மன்றில் வெளியிடலாமா என்னும் வாதம் அன்று எழுந்தது. சட்டம் பயில்வோர் இன்றும் அதனை ஆராய்கின்றனர்.

கொலைக் குற்றத்திலிருந்து ஜேம்ஸ் விடுதலையானான். 1743 நவம்பரில் குடும்ப நிலத்துக்கான வழக்கு டப்ளினில் விசாரணைக்கு வந்தது. அவன் சமையற்கூடப் பணிப்பெண் ஜோன் லாண்டியின் மகன் என்றது எதிர்த்தரப்பு. அவள் பாலூட்டிய செவிலியே என்றது ஜேம்ஸ் தரப்பு. ஜூரிமார் ஜேம்சின் பக்கமே தீர்ப்பளித்தனர்.

வென்றும் பயனில்லை. பணமின்மையும் வழக்கின் இழுபறியும் தடையாயின. பட்டத்தை அடையாமலே 1760இல் அவன் மாண்டான். மறு ஆண்டு, பட்டத்தோடே ரிச்சர்டும் மறைந்தார்.

எனினும் பிறப்புப் பற்றிய கேள்வி அக்குடும்பத்தை விடவில்லை. இம்முறை சந்தேகத்துக்குள்ளானவர் ரிச்சர்டின் மகனே. அவருடைய பெற்றோரின் திருமணத்தை அயர்லாந்துப் பிரபுக்கள் சபை ஏற்றது. இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை 1771இல் ஏற்க மறுத்தது. ஆங்கிள்சிப் பட்டம் அற்றுப்போயிற்று. வலென்சியாப் பட்டம் எஞ்சியது. அந்த வலென்சியாப் பெயருடன் இலங்கைக்கு வந்து, 1809இல் பயணநூல் வெளியிட்ட பிரபு, ரிச்சர்டின் பேரனாவார்.

அண்ணன் மகனின் பிறப்பை மறுத்துப் பெற்ற பட்டம், மகனின் பிறப்பு ஐயத்துக்கிடமானபோது கைநழுவியது.