கரையும் சாரம்
(வீரசோழன் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மழை பொய்த்த ஆண்டுகளில் கொத்து வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் வெளியூர் சென்றவர்கள் நம்முள் பலர். ஆகையால் சாரம் என்றால் என்னவென்று நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. கம்புகளை நட்டுக் கயிற்றால் பிணைக்கிறோம். அதன்மேல் நின்று சுவர் எழுப்புகிறோம். சுவர் இறுகியதும் பிரித்துவிடுகிறோம். இதே வேலையை மனித உடலுக்குள் செய்யும் முயற்சியைப் பற்றியே இன்று பேச விழைகிறோம்.

இரத்தக் குழாய் அடைபட்டால் நோயாளியின் காலிலிருந்து ஒரு சிரையை எடுத்து வைப்பது வழக்கம். சர்க்கரை நோய் முற்றியவர்கள் பலருக்கு அதுவும் பழுதாகியிருக்கும். 1950-களிலிருந்து பாலியெஸ்டர் நூலால் நெய்த குழாய்களும் உள்ளன. ஆம், நாம் சட்டையாக உடுத்தும் அதே நூல்தான்! வயிற்றிலுள்ள பெருந்தமனிக்கு அவை நன்கு உழைக்கின்றன. ஆனால் 6 மில்லிமீட்டருக்கும் குறுகிய குழாய்களில் இரத்தம் எளிதில் உறைந்து அடைத்துக்கொள்கிறது. குழந்தைக்கு வைத்தாலோ, குழந்தை வளரும், குழாய் வளராது.

இதற்காகவே கரையும் பாலிமர்களை நாடினர். பாலிலாக்டிக் அமிலம், பாலிகிளைகாலிக் அமிலம் என்பவை அவை. பிரிக்கத் தேவையில்லாத தையல் நூலாக 1970-களிலேயே மருத்துவமனைக்கு வந்த இனம். உடலின் ஈரத்தால் சிறுகச் சிறுகச் சிதையும். வெளிப்படும் லாக்டிக் அமிலமோ, ஓடிக் களைத்த தசையில் ஊறும் அதே பொருள். உடல் அதைக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றிவிடும்.

1999-இல் டோக்கியோவில் 4 வயதுச் சிறுமி ஒருத்தியின் சிரையிலிருந்து உயிரணுக்களை எடுத்து வளர்த்து, இத்தகைய குழாயில் பதித்து, அடைபட்ட நுரையீரல் தமனிக்கு மாற்றாக வைத்தனர். ஏழு மாதங்களுக்குப் பின்னும் அது அடைபடவில்லை, வீங்கவுமில்லை. எனினும் பின்னர் இச்சிகிச்சை பெற்றோர் சிலருக்குக் குழாய் சுருங்கியது. சாரம் முந்திக் கரைந்தால் குழாய் புடைத்து வெடிக்கும். பிந்திக் கரைந்தால் தழும்பேறித் தடிக்கும். அந்தக் கணக்கு இன்னும் முழுதாகக் கைவரவில்லை. அமெரிக்காவில் 2024 டிசம்பரில் அனுமதி பெற்ற குழாய் வேறு வழியில் ஆனது: பாலிகிளைகாலிக் வலையில் மனித உயிரணுக்களை வளர்த்து, வலை கரைந்தபின் உயிரணுக்களையும் நீக்கி, எஞ்சும் புரதக் குழாயைக் கை கால் தமனி சிதைந்தோர்க்குப் பொருத்துகின்றனர்.

நம் பக்கத்திலும் இவ்வாராய்ச்சி உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் பாலிகேப்ரோலாக்டோன் சாரத்தின்மேல் ஃபைப்ரின் என்னும் இரத்தப் புரதத்தைப் பூசி, இரத்தக் குழாய்க்கென ஆய்ந்துள்ளனர். சென்னையில் 1948-இல் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், மாட்டுத் தோலிலிருந்து கொலாஜன் புரதத்தைப் பிரித்துத் தீப்புண்ணை மூடும் சவ்வுகளை உருவாக்கியது. கொலாஜனும் உடலில் கரையும் சாரமே. தோலைத் தொட்டதற்காக நம் முன்னோரை ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். அதே தோலின் சத்து இன்று எல்லாச் சாதியார் புண்ணிலும் படிகிறது!

இத்துறைக்கு வேதியியலும் உயிரியலும் வேண்டும். பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவு கடினமென்று பிள்ளைகளைத் தடுக்கும் பெற்றோர், கூட்டம் முடிந்ததும் நம்மைச் சந்திக்கலாம். விண்ணப்பத்தை நாமே நிரப்பித் தருவோம்.